நெல்லிக்காய் அளவு மாவுருண்டை: காரைக்குடி ஆச்சி வீட்டுப் பலகாரமும் கோச்சலா மலைப்பாதையின் ஆறாம் நாளும்

காரைக்குடி முத்துப்பட்டணத்தில் அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்தால் நெய் வாசம் வழிகாட்டும். இரண்டாங்கட்டில் ஆச்சியும் உதவிக்கு இரண்டு பெண்களும் பலகாரம் செய்கிறார்கள். கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்து விற்பதில்லை. முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். பதினைந்து வருடமாக நான் அங்கே வாங்குகிறேன், தீபாவளிக்கும் சீர் பலகாரத்துக்குமாக. இந்தச் சித்திரையில் வாங்கியது வேறு காரியத்துக்கு. சிக்கிமில் கோச்சலா மலைப்பாதையில் எட்டு நாள் முதுகில் பையுடன் நடக்க. அந்தப் பலகாரம் மலையில் எப்படி இருந்தது என்று எழுதவேண்டும் என்று இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மருந்துக்கடை வைத்திருக்கிறேன், வயது 47. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு இரண்டு தைப்பூசம் நடந்து போயிருக்கிறேன். அந்த நடையில் சாப்பாட்டைப் பற்றிக் கவலையே இல்லை. வழியெல்லாம் யாராவது இலை போட்டுக் கூப்பிடுவார்கள், மோர் கொடுப்பார்கள், சுக்குக் காப்பி கொடுப்பார்கள். மலையில் அப்படி இல்லை. காலையும் இரவும் சமையல்காரர் கொடுப்பது போக, நடுவில் நம் பையில் இருப்பதுதான் சாப்பாடு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான் இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தாள். அவள் ஒரு பெட்டி எனர்ஜி பார் வாங்கினாள். நான் ஆச்சி வீட்டுக்குப் போனேன்.

ஆச்சி உடனே எடைக்கல்லைத் தேடவில்லை. கேள்விதான் கேட்டார்.

“எத்தனை நாளைக்கு, ஆத்தா?”

“போக வர எல்லாம் சேர்த்துப் பதிமூணு நாள், ஆச்சி. நடக்கிறது எட்டு நாள்.”

“போற இடம் வெக்கையா, குளிரா?”

“இங்கேயிருந்து ரயில், பிளேன், ஜீப்புன்னு மூணு நாள் வெக்கை. அப்புறம் குளிர். ராத்திரி பாட்டில் தண்ணி உறைஞ்சிருமாம்.”

“நடக்கும்போது தண்ணி கிடைக்குமா?”

இந்தக் கடைசிக் கேள்வியை வேறு எந்தப் பலகாரக் கடையும் கேட்டிருக்காது. தண்ணீர் குறைவான இடத்தில் காரப் பலகாரம் தின்றால் நா வறண்டுபோகும். அதனால் முறுக்கு வேண்டாம் என்று அவரே எடுத்துவிட்டார். சீப்புச் சீடைக்கு வழக்கமாகத் தேங்காய்ப்பால் விட்டு மாவு பிசைவார். பதிமூன்று நாளில் காறல் அடித்துவிடும் என்று இந்த முறை வெறும் தண்ணீரும் வெண்ணெயும் போட்டார். வெல்லப் பாகில் சேர்க்கும் மனகோலத்திலும் தேங்காய்ச் சில்லு சேர்க்கவில்லை.

மாவுருண்டைக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தார். “கனடாவில இருக்கிற மகன் வீட்டுக்கு ஒரு தடவை அனுப்பினேன். குளிர்ல நெய் இறுகிக் கல்லாப் போச்சு, கடிச்சா பல்லு வலிக்குதுன்னான். உனக்குச் சின்னதாப் பிடிச்சுத் தாரேன். நெல்லிக்காய் அளவு. முழுசா வாயில போட்டு ஒதுக்கிக்கணும், கடிக்கக் கூடாது. அதுவா இளகும்.”

நான் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “எங்க மாமனார் நாப்பத்திரண்டுல பர்மாவிலிருந்து நடந்தே வந்தவுக. மலையெல்லாம் ஏறி இறங்கி வந்தாகளாம். மடியில வறுத்த அரிசிமாவும் வெல்லமும்தான்னு சொல்லுவாக.” 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் மலைகளையும் காடுகளையும் கடந்து கால்நடையாக ஊர் திரும்பினார்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன குடும்பங்கள் நிறைந்த எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அந்தக் கதை உண்டு. நான் விரும்பிப் போகும் நடைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அந்த நடைக்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் தூரம் போகிறவருக்குக் கட்டிக்கொடுக்கும் பழக்கம் அந்த வீட்டில் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வாங்கியவை: மாவுருண்டை ஒன்றரை கிலோ, சீப்புச் சீடை அரை கிலோ, மனகோலம் அரை கிலோ, தேன்குழல் கால் கிலோ, கும்மாய மாவு அரை கிலோ. எல்லாம் சேர்த்து 1,780 ரூபாய். உப்பு நார்த்தங்காய் ஒரு கை நிறையத் துணியில் முடிந்து கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. மூன்றேகால் கிலோவை மகளும் நானும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கூடாரமும் சமையல் சாமானும் சோ என்ற மாடுகள் சுமந்தன. யாக்கும் பசுவும் கலந்த இனம் அது. எங்கள் உடையும் தூங்கும் பையும் தின்பண்டமும் எங்கள் முதுகில். என் பை ஒன்பது கிலோ.

வீட்டில் தராசில் போட்டுப் பார்த்தேன். ஒரு மாவுருண்டை 22 கிராம், மொத்தம் 68 உருண்டை. வறுத்த பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய், ஏலக்காய், அவ்வளவுதான் அதில். கணக்குப் போட்டால் ஒரு உருண்டைக்கு நூறு கலோரிக்குச் சற்று மேல் வரும். பருப்பின் புரதமும், உடனே எரியும் சர்க்கரையும், நின்று எரியும் நெய்யும் அந்தச் சின்ன உருண்டையில் சேர்ந்திருக்கின்றன. தண்ணீர்ப் பதம் கிடையாது என்பதால் கெடுவதும் தாமதம். மருந்துக்கடையில் விற்கும் சத்து மாவு டப்பாக்களைத் தினமும் கையாளுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், எடைக்கு எடை இதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை.

காரைக்குடியில் வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பல்லவன் ரயிலில் சென்னை, விமானத்தில் பாக்டோக்ரா, ஜீப்பில் யுக்சம். சென்னை போவதற்குள் மாவுருண்டை நெய் கக்கத் தொடங்கிவிட்டது. ஆச்சி இதையும் நினைத்துத்தான் அடியில் வெள்ளைத் துணி விரித்து, அடுக்குக்கு அடுக்கு வெண்ணெய்த்தாள் வைத்திருந்தார். துணி நெய்யில் ஊறியதே தவிர ஒரு உருண்டைகூட உடையவில்லை. எவர்சில்வர் சம்படத்தில் கொண்டுபோனதில் இன்னொரு வசதி. கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவுக்குள் நுழையும்போது என்னென்ன பிளாஸ்டிக் பொருள் கொண்டுபோகிறோம் என்று எழுதிக்கொண்டார்கள், திரும்பும்போது குப்பையைக் காட்டவேண்டும் என்றார்கள். மகளின் பார் உறைகளை எண்ணி எழுத நேரம் பிடித்தது. என் சம்படத்தைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

முதல் ஐந்து நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுக்சம் 1,780 மீட்டர். அங்கிருந்து சாச்சென், சோக்கா, ஜோங்ரி என்று ஏறிக்கொண்டே போகும். சோக்காவைத் தாண்டினால் உயர்ந்த ரோடோடென்ட்ரான் மரங்கள், சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தன. ஜோங்ரி 4,000 மீட்டர் உயரம். உடம்பு பழக அங்கே ஒரு நாள் தங்கினோம். தேன்குழல் இரண்டாம் நாளே நொறுங்கித் தூளாகிவிட்டது. பையைக் கீழே வைத்து எடுப்பதற்கு அது தாங்காது. தூளை ராத்திரிப் பருப்புத் தண்ணீரில் போட்டுச் சாப்பிட்டோம், ருசியில் குறையில்லை. சீப்புச் சீடை நன்றாகத் தாங்கியது, ஐந்தில் ஒன்றுதான் உடைந்திருக்கும். ஐந்தாம் நாள் தான்சிங் வந்து சேர்ந்தோம். அகலமான புல்வெளி, எதிரே பாண்டிம் சிகரம்.

இனி ஆறாம் நாள்.

நள்ளிரவு பன்னிரண்டுக்கு எழுப்பினார்கள். கூடாரத்தின் உள்பக்கத்தில் எங்கள் மூச்சே பனியாகப் படிந்திருந்தது. காலணிக்குள் காலை நுழைக்கவே கஷ்டப்பட்டேன். ஒரு மணிக்கு நெற்றி விளக்கோடு வரிசையாக நடக்கத் தொடங்கினோம். போகவேண்டிய முதல் காட்சிமுனை ஏறக்குறைய 4,600 மீட்டர். அங்கே போய், அதே வழியில் தான்சிங் திரும்பி, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கொக்சுராங் வரை இறங்கவேண்டும். அன்றைய நடை மொத்தம் பதினைந்து மணி நேரம் ஆனது. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் நடந்ததில்லை, பழனி போன நாட்களிலும்.

கிளம்புவதற்கு முன் பன்னிரண்டு மாவுருண்டையைச் சின்னத் துணிப்பையில் போட்டு, ஜாக்கெட்டின் உள்பையில் நெஞ்சோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டேன். வெளிப்பையில் வைத்தால் ஆச்சி சொன்ன கல்தான். உடம்புச் சூட்டில் நெய் இறுகாமல் இருக்கும். இதை நீங்களும் செய்யுங்கள், இதற்காகவே இந்த வரியை எழுதுகிறேன்.

லாமுனேயைத் தாண்டி சமிதி ஏரி இருட்டில் இருந்தது. வழிகாட்டி சொல்லித்தான் பக்கத்தில் ஏரி இருப்பதே தெரிந்தது. அதற்கு அப்புறம் கல்லும் மணலுமாகச் செங்குத்தான ஏற்றம். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. பத்து அடி வைத்தால் நிற்கவேண்டும். நின்றால் குளிரும். நான்கு மணி வாக்கில் மகள் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். எனர்ஜி பார் உறையைப் பிரித்துக் கடித்துப் பார்த்தாள். மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. கொஞ்சம் மென்றதும் குமட்டல் வந்து துப்பிவிட்டாள்.

“அம்மா, எனக்கு ஒண்ணும் இறங்கல. நீ போ, நான் இங்கேயே இருக்கேன்.”

இந்த இடத்தில் மருந்துக்கடைக்காரியாக ஒன்று சொல்லவேண்டும். உயரத்தில் பசியில்லாமல் போவது சாதாரணம். ஆனால் குமட்டலோடு தலைவலியும் சேர்ந்தால் அது மலைநோயின் தொடக்கமாக இருக்கலாம். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ எதையும் கொடுத்துத் தேற்றப் பார்க்காமல் உடனே கீழே இறங்கவேண்டும். எந்தப் பலகாரமும் அதற்கு மருந்தல்ல. நான் முதலில் வழிகாட்டியைக் கூப்பிட்டேன். அவர் மகளின் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டிப் பார்த்தார், தலைவலி இருக்கிறதா என்று கேட்டார், நான்கு அடி நேராக நடக்கச் சொன்னார். தலைவலி இல்லை, நடை சரியாக இருந்தது. களைப்பும் வெறும் வயிறும்தான், கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்.

அப்புறம்தான் நார்த்தங்காயை எடுத்தேன். நகத்தளவு கிள்ளி அவள் நாக்கில் வைத்தேன். உப்பும் புளிப்பும் பட்டதும் எச்சில் ஊறியது, குமட்டல் அடங்கியது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு மாவுருண்டை. “கடிக்காதே, கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கோ” என்றேன், ஆச்சி சொன்ன மாதிரியே. வெதுவெதுப்பாக இருந்ததால் உடனே இளகத் தொடங்கியது. மெல்லும் வேலை இல்லை. மூச்சு வாங்கும் இடத்தில் மெல்லுவதே ஒரு வேலை என்பது அங்கே போனால்தான் தெரியும். வாயை அடைக்காத அளவில் இருந்ததால் மூச்சும் தடைபடவில்லை. வழக்கமான எலுமிச்சை அளவாக இருந்திருந்தால் அந்த நிலைமையில் அவளால் அதைத் தின்றிருக்க முடியாது. அரை மணி நேரத்தில் இரண்டு உருண்டை இறங்கியது. பிறகு அவளே எழுந்தாள்.

காட்சிமுனைக்குப் போனபோது மணி ஐந்தேகால். கஞ்சன்ஜங்காவின் உச்சியில் வெயில் விழுந்துவிட்டிருந்தது, பாதி மலை மட்டும் மஞ்சள், கீழே இன்னும் நீலம். 8,586 மீட்டர், உலகத்தில் மூன்றாவது உயரம். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். நானும் பேசவில்லை. வழிகாட்டிக்கும் ஒரு உருண்டை கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையிலும் வாங்கி, மலையைப் பார்த்து ஒரு கணம் தூக்கிக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

இறக்கம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. வலது முழங்கால் ஒவ்வொரு கல்லுக்கும் வலித்தது. தான்சிங் திரும்பும்போது பதினொன்றரை. சோறு வைத்திருந்தார்கள், பாதிதான் சாப்பிட முடிந்தது. பன்னிரண்டரைக்கு மறுபடி பையைத் தூக்கினோம். ஒரு மணிக்கு மூட்டம் இறங்கி, பனி தூறத் தொடங்கியது. இந்தப் பகுதியில் எனக்கு எதுவும் ஞாபகமில்லை, முன்னால் போனவரின் காலணியும் வழுக்கும் சேறும் தவிர. மணிக்கு ஒரு உருண்டை என்று வைத்துக்கொண்டேன். அடுத்த உருண்டைக்கு இன்னும் இருபது நிமிடம், பதினைந்து நிமிடம் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். நான்கு மணிக்கு ஆற்றுச் சத்தம் கேட்டது. கொக்சுராங்.

அன்று சாயங்காலம் கும்மாயம் கிண்டினோம். கிளம்பும்போது இந்த மாவு எதற்குச் சுமை என்று எனக்கே தோன்றியது. மலையில் அரிசி, பருப்பு வேக நேரம் எடுக்கும், ஏனென்றால் கொக்சுராங் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் எதுவும் சரியாக வேகாது. கும்மாய மாவு அப்படியில்லை. உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் சிவக்க வறுத்து அரைத்தது, பாதி வேலை காரைக்குடியிலேயே முடிந்துவிட்டது. சமையல்காரர் அடுப்பை விட்டுக்கொடுத்தார். வெல்லத்தைக் கரைத்து, மாவைத் தூவி, கட்டி தட்டாமல் கிண்டி, அவரிடமிருந்த வெண்ணெயைப் போட்டேன். வீட்டில் எடுப்பதைவிடக் கொஞ்சம் நேரம் கூடப் பிடித்தது, கையில் ஒட்டாத பதம் வந்துவிட்டது. எங்கள் குழுவில் எட்டுப் பேர், வழிகாட்டி, சமையல்காரர், மாடு ஓட்டி வந்த இரண்டு பையன்கள், எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு கரண்டி வந்தது. மாவு எங்கே கிடைக்கும் என்று சமையல்காரர் கேட்டார். மீதி நூறு கிராமை அவரிடமே கொடுத்துவிட்டு, வறுக்கும் அளவையும் சொல்லிக்கொடுத்தேன். காலையில் சோக்காவுக்கு இறங்கும்போது மகள் என் முன்னால் பாடிக்கொண்டே போனாள்.

குறைகளையும் சொல்லவேண்டும். மனகோலம் மலைக்கு ஆகாது. பாகு குளிரில் இறுகி ஒரே கட்டியாகிவிட்டது, கரண்டிக் காம்பால் குத்தி உடைக்க வேண்டியிருந்தது. பல் அடைத்திருப்பவர்கள் தொடவே வேண்டாம். ஆச்சி மாவுருண்டைக்கு யோசித்ததை இதற்கு யோசிக்கவில்லை. திரும்பி வந்து சொன்னேன். “ஆமா ஆத்தா, பாகுப் பதத்தை விட்டுட்டேன்” என்றார். சம்படத்தில் செய்த தேதி எழுதித் தருவதில்லை. வெளியூர் கொண்டுபோகிறவர்களுக்கு அது அவசியம், நீங்களே கேட்டு எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்கு மேல் போனை எடுக்கமாட்டார்கள். மாவுருண்டை கிலோ 640 ரூபாய், பேருந்து நிலையப் பக்கம் விற்பதைவிட அதிகம்தான். நெய்யை வைத்துப் பார்த்தால் எனக்கு அது நியாயமான விலை.

அடுத்த முறை போனால் தேன்குழலும் மனகோலமும் விட்டுவிட்டு அந்த எடைக்கு மாவுருண்டையும் கும்மாய மாவும் கூட்டிக்கொள்வேன். சீப்புச் சீடை அரை கிலோ போதும். நார்த்தங்காயைக் காசு கொடுத்தாவது இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்குவேன்.

போகிறவர்கள் முத்துப்பட்டணத்தில் பலகார ஆச்சி வீடு என்று கேளுங்கள். குறைந்தது ஐந்து நாள் முன்னால், முகூர்த்த மாதமென்றால் பத்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், வெக்கையா குளிரா என்பதைச் சரியாகச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர் செய்வார். சம்படம் நம்முடையதுதான் கொண்டுபோகவேண்டும். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்துக் கொண்டுபோங்கள், உள்ளே துளி ஈரம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.